நட என்றால் நடவாதவர்கள், மீனுக்காக நடப்பார்கள்



பியர்பொன்ட்ஸில் எம்மவர் வீடுகளில் சாப்பாட்டு மேசையில் உப்புப் போத்தலுக்குப் பக்கத்திலேயே மருந்துப் பெட்டியும் இருக்கும். ஒன்று நீரிழிவுக்கு, மற்றது இரத்த அழுத்தத்திற்கு. தெற்காசியர்களுக்கு உடல் பருமன் அதிகம் இல்லாவிட்டாலும் நீரிழிவு வரும் வாய்ப்புக் கூடுதல் என்பது வைத்தியர்கள் நன்கறிந்த விடயம். வாரத்தில் 150 நிமிடமாவது உடலுக்கு வேலை கொடுங்கள் என்கிறார்கள். நாமும் தலையாட்டிவிட்டு வந்து தொலைக்காட்சி முன் அமர்ந்து விடுகிறோம்.

குறிப்பாக எமது முதியவர்கள். ஊரில் கடலும் வயலும் கண்டவர்கள், இங்கே ஜன்னலடிக் கதிரையில் நாளைக் கழிக்கிறார்கள். "சும்மா ஏன் நடக்கவேணும்?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. காரணமில்லாமல் நடந்து அவர்களுக்குப் பழக்கமில்லை.

கடந்த கோடையில் நாங்கள் மூன்று குடும்பங்கள் சேர்ந்து மொன்-ட்ரொம்ப்ளான் பூங்காவிற்குச் சென்றோம். 1895இல் உருவான இப்பூங்கா எமது பகுதியிலிருந்து ஏறக்குறைய இரண்டு மணி நேர ஓட்டம். பருத்தித்துறையைச் சேர்ந்த எழுபது வயது ஐயா ஒருவரையும் அழைத்துச் சென்றோம். வீட்டில் பத்து நிமிடம் நடக்க மறுப்பவர், அன்று காட்டு ஓடைக் கரையில் மூன்று மணி நேரம் ஏறி இறங்கினார். கையில் தூண்டில் தடி. "சத்தம் போடாதேயுங்கோ பிள்ளையள், மீன் எங்களைப் பார்க்குது" என்று எங்களையே அதட்டினார்.

அவர் தேடியது ஓடை ட்ரவுட். உடலில் நீல வளையமிட்ட சிவப்புப் புள்ளிகளும், செட்டையின் விளிம்பில் வெள்ளைக் கோடும் கொண்ட அழகான மீன். எமது நுவரெலியா ஓடைகளில் உள்ள ட்ரவுட் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரித்தானியர் கொண்டுவந்து விட்ட இனம். இங்குள்ளதோ இந்த மண்ணுக்கே உரியது. குளிர்ந்த, தெளிந்த நீரில் மட்டுமே வாழும்.

இதைப் பிடிக்கும் முறையே உடற்பயிற்சிதான். முள்ளில் இறகும் நூலும் சுற்றிப் பூச்சிபோல் செய்திருப்பார்கள். அதற்குப் பாரமே இல்லை. தடித்த நூலின் பாரத்தால்தான் அதை வீசவேண்டும். தோளும் முழங்கையும் ஓயாமல் வேலை செய்யும். ட்ரவுட் நீரோட்டத்தை எதிர்நோக்கி நிற்பதால் நாம் கீழிருந்து மேல்நோக்கி மெதுவாக நடக்கவேண்டும். கண் முழுவதும் தண்ணீரில் இருக்கும்போது வேலைத்தலக் கவலை எங்கே வரும்?

"இது வெள்ளைக்காரரின் பணக்காரப் பொழுதுபோக்கு" என்பார்கள் சிலர். ஒருவர் மீன்பிடி அனுமதிப்பத்திரம் எடுத்தால், வாழ்க்கைத்துணையும் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் அதன் கீழேயே பிடிக்கலாம். ஆனால் எண்ணிக்கை வரம்பு எல்லோருக்கும் சேர்த்து ஒன்றுதான். ஜூன் மாதத் தொடக்கத்தில் வரும் கியூபெக் மீன்பிடி விழா நாட்களில் அனுமதிப்பத்திரமே தேவையில்லை. பூங்காக்களுக்குத் தனி விதிகள் உண்டு, முன்கூட்டியே விசாரியுங்கள். வீசுவதை இங்குள்ள பூங்காப் புல்வெளியிலேயே பழகலாம்.

"பிடித்ததை விட்டுவிடுவதென்றால் ஏன் அதை நோகடிக்க வேண்டும்?" என்ற கேள்வி நியாயமானது. எமது கருத்து இதுதான்: ஒரு கறிக்கு அளவாக, விதி அனுமதிக்கும் அளவுக்குள் எடுங்கள். அத்துடன் தூண்டிலைச் சுருட்டுங்கள். வாளி நிரப்பும் ஆசை வேண்டாம். சிறிய ஓடை ட்ரவுட்டில் பாதரசம் பொதுவாகக் குறைவு. மற்ற மீன்களைத் தின்று பெரிதாகும் பைக், வோலாய் போன்றவற்றில் அது கூடுதல். கர்ப்பிணிகளும் சிறுவர்களும் அவற்றைத் தவிர்ப்பது நல்லது. ட்ரவுட்டையும் எண்ணெயில் மூழ்கடித்துப் பொரித்தால் நடந்த பலன் போய்விடும். மிளகும் மஞ்சளும் போட்ட சொதியே போதும்.

கவனிக்க வேண்டியவை:

நீரிழிவு உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். வெறுங்காலுடன் ஓடையில் இறங்கவே கூடாது. கல் வெட்டினாலும் தெரியாது. வழுக்காத சப்பாத்து அணியுங்கள்.

இன்சுலினைச் சூடான வாகனத்தில் விட்டுச் செல்லாதீர்கள். சீனி குறைந்தால் உண்ண இனிப்பு ஏதாவது சட்டைப்பையில் இருக்கட்டும்.

எம்மில் பலருக்கு நீந்தத் தெரியாது. தண்ணீர் ஓரத்தில் சிறுவர்களுக்கும் முதியவர்களுக்கும் உயிர்காப்பு அங்கி அவசியம்.

உண்ணி கடித்தால் லைம் நோய் வரலாம். நீளக் காற்சட்டை அணிந்து, வீடு திரும்பியதும் உடலைப் பரிசோதியுங்கள்.

காட்டில் கைத்தொலைபேசி வேலை செய்யாமல் போகலாம். தனியே செல்லாதீர்கள்; எங்கு போகிறீர்கள் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுச் செல்லுங்கள்.

அன்று ஐயாவுக்கு அகப்பட்டது ஒரேயொரு மீன், ஒரு சாண் நீளம். அதையும் பேரனின் கையால் தண்ணீரில் விடச் செய்தார். பேரனுக்குத் தமிழ் கொஞ்சம், ஐயாவுக்குப் பிரெஞ்சு இல்லை. ஆனாலும் வாகனத்தில் திரும்பும்போது இருவரும் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தார்கள். அடுத்த நாள் காலை ஐயா தானாகவே சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, "ஒருக்கால் ஆத்தங்கரை வரைக்கும் போட்டு வாறன்" என்றாராம்.

கோடையில் எமது சங்கம் கலைவிழாவும் விளையாட்டுப் போட்டியும் நடத்துகிறது. அவற்றில் முதியவர்களுக்குக் கிடைப்பது பார்வையாளர் கதிரை மட்டுமே. வரும் கோடையில் ஒரு சனிக்கிழமையை இந்த ஓடைகளுக்காக ஒதுக்கும்படி நிர்வாகத்தினரை அன்புடன் கேட்டுக்கொள்கிறோம். உங்கள் வீட்டு ஜன்னலடிக் கதிரையையும் அன்று ஒருநாள் காலியாக வையுங்கள்.