ஏசிபிஐ-யை அணைக்கச் சொல்லாதீங்க சாமி!

லினக்ஸ்ல கடிகாரம் தப்பா காட்டுதுன்னாலும் சரி, பூட் ஆகும்போது ரெண்டு வரி எர்ரர் வந்தாலும் சரி, "ஏசிபிஐ=ஆஃப் போடு, சரியாயிடும்"னு சொல்ற ஆளுங்க இன்னமும் இருக்காங்க. காய்ச்சலுக்கும் கால் வலிக்கும் ஒரே மாத்திரை குடுக்கற வைத்தியம் இது.

ஏசிபிஐ-ங்கறது 1996 டிசம்பர்ல இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா சேர்ந்து வெளியிட்ட பொது விதிமுறை. பேட்டரி அளவு, ஃபேன், சஸ்பெண்ட், எத்தனை கோர் இருக்குங்கற விவரம் எல்லாம் பயாஸ்ல இருந்து கெர்னலுக்கு இது வழியாத்தான் வருது. அணைச்சா எர்ரர் போயிடும், வாஸ்தவம். கூடவே பேட்டரி அளவும் சஸ்பெண்டும் போயிடும். பல மெஷின்ல ஒரே ஒரு கோர்தான் ஓடும்.

கடிகாரத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? கெர்னல் நேரம் எண்ண முதல்ல நம்பறது ப்ராசஸருக்குள்ள இருக்கற டிஎஸ்சி கவுன்ட்டரை. பழைய ப்ராசஸர்கள்ல மின்சாரம் மிச்சம் பண்ண வேகத்தைக் குறைச்சா அதுவும் மெதுவாயிடும். ஆழ்ந்து தூங்கினா நின்னே போயிடும். அப்போ கெர்னல் அதை 'அன்ஸ்டேபிள்'னு ஒதுக்கிட்டு ஹெச்பெட் அல்லது ஏசிபிஐ டைமருக்கு மாறிக்கும். அந்த ரெண்டு மாற்றுக் கடிகாரமும் பெரும்பாலும் ஏசிபிஐ தயவுலதான் கிடைக்குது! அதைப் போய் அணைச்சா?

அதனால யாராவது "டைம் தப்பா இருக்கு"ன்னு வந்தா, முதல்ல ஒரு கேள்வி கேளுங்க: எவ்வளவு தப்பு?

சரியா 5:30 மணி நேரமா? அது ரிப்பேரே இல்லை. விண்டோஸ் மதர்போர்டு கடிகாரத்துல நம்ம ஊர் நேரத்தை எழுதும், லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எதிர்பார்க்கும். ரெண்டு ஓஎஸ்ஸும் இருக்கற மெஷின்ல இந்தச் சண்டை சகஜம். விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில 'ரியல்டைம்இஸ்யுனிவர்சல்' மதிப்பை 1 ஆக்கினா முடிஞ்சது.

ப்ளக்கைப் பிடுங்கி வெச்சா தேதி பழைய வருஷத்துக்குப் போகுதா? பெரும்பாலும் சிமாஸ் பேட்டரிதான். டெஸ்க்டாப்னா சிஆர்2032 வட்ட பேட்டரி ஒண்ணு வாங்கி மாத்துங்க.

ஓடிக்கிட்டு இருக்கும்போதே நேரம் நழுவுதா? இப்பதான் கெர்னல் லாக் பக்கம் போகணும். டிஎஸ்சி பத்தி புகார் இருந்தா 'க்ளாக்சோர்ஸ்=ஹெச்பெட்' போட்டுப் பாருங்க, பயாஸ் அப்டேட் இருக்கான்னு பாருங்க.

பூட்ல வர்ற "ஏசிபிஐ பயாஸ் எர்ரர்" பல சமயம் வெறும் சத்தம்தான். பல போர்டுகளை விண்டோஸை மனசுல வெச்சே எழுதறாங்க. "நீ விண்டோஸா?"ன்னு பயாஸ் கேட்டா, லினக்ஸ் கெர்னலே "ஆமா"ன்னு பொய் சொல்லித்தான் காலம் தள்ளுது :-) சஸ்பெண்ட், ஃபேன், பேட்டரி மூணும் ஒழுங்கா இருந்தா அந்த வரியை விட்டுடுங்க.

சரி, மெஷின் பூட்டே ஆகலைன்னா? க்ரப் மெனுல ஒரே ஒரு தடவை ஏசிபிஐ=ஆஃப் போட்டுச் சோதிக்கலாம், தப்பில்லை. கோளாறு எந்தப் பக்கம்னு தெரியும். அதையே நிரந்தரமா எழுதி வைக்கறதுதான் தப்பு.

நேரம் தப்பா இருந்தா பாதுகாப்பான தளங்கள் திறக்காது. கடிகாரம் பின்தங்கியிருந்தா ஆப்ட் "இந்தக் கோப்பு இன்னும் செல்லுபடியாகலை"ன்னு அப்டேட்டையே மறுக்கும். புதுசா லினக்ஸுக்கு வர்றவர் இதைப் பார்த்துட்டு, "இலவசம்னா இப்படித்தான்"னு கிளம்பிடறார். அவரை விரட்டறது லினக்ஸ் இல்லைங்க, நாம அவசரத்துல குடுக்கற அரைகுறை வைத்தியம்.