கோழிக்கு உண்டு, நாய்க்கு இல்லையா? நாமக்கல் மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

திங்கட்கிழமைதோறும் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்துக்குத் தெருநாய்கள் பற்றிய மனுக்கள் வருவது உங்களுக்குப் புதிதல்ல. அந்த மனுக்கள் எந்த மேசைக்குப் போகின்றன, எப்படித் திரும்பி வருகின்றன என்பது கொடுத்தவர்களுக்கும் புதிதல்ல. மனு எழுதி அலுத்தவர்கள் சார்பில்தான் இதை ஊரறிய எழுதுகிறேன். விதிகளும் அரசாணைகளும் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அவற்றை எடுத்துச் சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். நாய்கள் குரைப்பதையும் வண்டியைத் துரத்துவதையும்கூட விட்டுவிடுகிறேன். நான் பேச வந்தது ரேபிஸ் என்கிற ஒன்றைப் பற்றி மட்டும்.

வெறிநாய்க்கடி நோய் என்று நாம் சொல்வது, வைரஸால் மூளையில் உண்டாகும் அழற்சி. கடிவாயில் புகும் வைரஸ் நரம்பைப் பற்றிக்கொண்டு மெல்ல மெல்ல மூளைக்கு ஏறுகிறது. பெரும்பாலும் இதற்கு ஒன்று முதல் மூன்று மாதம் ஆகும். முகத்திலோ கையிலோ கடிபட்டால் இன்னும் சீக்கிரம். மூளையை அது தொட்டுவிட்டால் தாகம் இருந்தும் தண்ணீர் இறங்காது, தொண்டை இறுகும், நோயாளி தெளிவுக்கும் பிதற்றலுக்கும் இடையே அல்லாடுவார். சில நாளில் எல்லாம் முடிந்துவிடும். இன்னொரு கொடிய மூளை அழற்சியான ஜப்பானிய மூளைக்காய்ச்சல் கண்டவர்களில்கூடப் பெரும்பாலோர் உயிர் பிழைக்கிறார்கள். ரேபிஸ் அறிகுறி கண்ட பிறகு பிழைத்தவர்களோ உலகம் முழுவதிலும் மிகச் சிலர். ஆனால் கடிக்கும் அறிகுறிக்கும் நடுவே பல வாரங்கள் கையில் இருக்கின்றன. காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, தடுப்பூசியும் ஆழமான கடிக்கு இம்யூனோகுளோபுலினும் உடனே போட்டால் அந்த உயிர் காப்பாற்றப்படும். நாய்க்கே முன்கூட்டி ஊசி போட்டிருந்தால் அந்தக் கடியால் ரேபிஸ் என்ற பேச்சே எழாது.

2023-ல் தமிழ்நாட்டில் சுமார் 4.4 லட்சம் பேரை நாய்கள் கடித்தன. ரேபிஸால் இறந்தவர்கள் 18 பேர். 2024-ல் கடிபட்டவர்கள் 4.8 லட்சம், இறந்தவர்கள் 43 பேர். கடிகள் பத்தில் ஒரு பங்கு கூடுவதற்குள் சாவுகள் இரு மடங்கைத் தாண்டிவிட்டன. இதே 2024-ல் நாடு முழுவதும் ரேபிஸால் இறந்ததாகச் சந்தேகிக்கப்படுபவர்கள் 54 பேர் என்று ஒன்றிய அரசு மக்களவையில் சொன்னது. கடிகள் 37 லட்சத்துக்கும் மேல். ஒரு மாநிலத்தில் 43, மொத்த இந்தியாவில் 54. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு ஆண்டுக்கு ஏறத்தாழ 5,700 சாவுகள் என்று மதிப்பிடுகிறது. செத்தவர்களைக்கூட ஒழுங்காக எண்ணாத நாட்டில், எண்ணப்பட்ட அந்த 43 பேரையாவது நாம் மறக்கக் கூடாது. அவர்களில் ஒருவர்கூட தடுப்பு மருந்தில்லாத நோயால் சாகவில்லை.

இனி உங்கள் மாவட்டத்துக்கே வருகிறேன். நாமக்கல் பண்ணைக்கு வரும் முட்டைக்கோழிக் குஞ்சுக்குப் பொரித்த முதல் நாளே மாரெக்ஸ் நோய்க்கு ஊசி போடப்படுகிறது. அடுத்த சில நாளில் வெள்ளைக்கழிச்சலுக்குக் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து. கூண்டுக்குப் போகும் முன்பே திரும்பத் திரும்பத் தடுப்பு மருந்து. வெள்ளைக்கழிச்சலும் வைரஸ் நோய்தான். அது நரம்பு மண்டலத்தைத் தாக்கினால் கோழியின் கழுத்து முறுக்கிக்கொள்ளும். கோடிக்கணக்கான கோழிகளில் ஒன்றைக்கூடத் தவறவிடக் கூடாது என்பதில் இந்த மாவட்டம் காட்டும் ஒழுங்கு நாட்டுக்கே முன்மாதிரி. பண்ணையாளர் தம் செலவில் செய்வது அது என்று சொல்லலாம். அப்படியானால் கொல்லைப்புறக் கோழிகளுக்கு ஆண்டுதோறும் பிப்ரவரியில் இலவச முகாம் நடத்துவது யார்? ஆண்டுக்கு இருமுறை ஊர் ஊராகப் போய், காதில் வில்லை மாட்டிய மாடுகளுக்குக் கோமாரி ஊசி போட்டுக் கணக்கு வைப்பது யார்? உங்கள் கால்நடைப் பராமரிப்புத் துறைதான். 1985-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியும் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. ஊசி போடத் தெரிந்த கைகளும் குளிர்பதனப் பெட்டிகளும் வேறெந்த மாவட்டத்துக்கும் குறைவில்லாமல் இங்கே உண்டு. நாய் என்று வரும்போது மட்டும் உலக ரேபிஸ் தினமான செப்டம்பர் 28-ல் நடக்கும் முகாமுக்கு யாராவது சங்கிலியில் பிடித்துக்கொண்டு வரட்டும் என்று காத்திருக்கிறோம். வளர்ப்பவர் இல்லாத நாயை அந்த முகாமுக்கு யார் கூட்டி வருவார்கள்?

கருத்தடைதான் நிரந்தரத் தீர்வு, அதைத்தான் செய்துவருகிறோம் என்று பதில் வரும். கருத்தடை வேண்டும், மறுக்கவில்லை. அதற்கு அறுவைக்கூடம் வேண்டும், மருத்துவர் வேண்டும், நாயைச் சில நாள் அடைத்துப் பராமரிக்க இடம் வேண்டும். ஊசிக்கு ஒரு வலையும் ஒரு நிமிடமும் போதும். அறுவைக்கு வரிசை வரும்வரை ஊசியையும் நிறுத்திவைப்பதற்கு மருத்துவக் காரணம் ஒன்றும் இல்லை. தெருநாயைப் பிடிப்பது நடக்கிற காரியமா என்றும் கேட்பார்கள். கோவாவில் நடந்தது. வலையோடு தெருத்தெருவாகப் போனார்கள், ஊசி போட்ட நாய்க்குச் சாயத்தால் அடையாளம் வைத்தார்கள், செல்போன் செயலியில் இடத்தைப் பதிந்தார்கள், அதையே ஆண்டுதோறும் செய்தார்கள். 2021-ல் அது ரேபிஸ் கட்டுப்பாட்டு மாநிலமாக அறிவிக்கப்பட்டபோது, அங்கே மூன்று ஆண்டுகளாக ஒரு மனிதர்கூட ரேபிஸால் இறந்திருக்கவில்லை. நூற்றுக்கு எழுபது நாய்களுக்கு ஊசி போட்டால் நோய்ச் சங்கிலி அறுந்துவிடும் என்பது உலகம் ஒப்புக்கொண்ட கணக்கு.

கடிபட்டவர்கள் மருத்துவமனைக்கு வராததே காரணம் என்ற பதிலும் உண்டு. மேலே சொன்ன மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்விலும் கடிபட்ட ஐந்து பேரில் ஒருவர் ஒரு ஊசிகூடப் போட்டுக்கொள்ளவில்லை. ஏன் என்று அரசு தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டாமா? ஆட்டு மூளையில் தயாரித்த பழைய மருந்தைத் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசியாக ஏழைகளுக்குப் போட்டது அரசு மருத்துவமனைகள்தான். அந்த மருந்தே சிலருக்கு மூளை அழற்சியை உண்டாக்கியது. அதைக் கைவிடச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 1980-களிலேயே வலியுறுத்தியும், இந்தியா 2004 முடிவில்தான் கைவிட்டது. அந்த அச்சம் இன்னும் வீடுகளில் பேசப்படுகிறது. இப்போது கையில் நான்கு தவணை போதும். ஆனால் 0, 3, 7, 28 என்று நாள் தவறாமல் வர வேண்டும். பள்ளிபாளையத்து விசைத்தறித் தொழிலாளிக்கும் கோழிப்பண்ணைக் கூலிக்கும் ஒவ்வொரு தவணையும் அரைநாள் கூலி. அடி விழுமென்று பயந்து கடிபட்டதையே வீட்டில் மறைக்கும் குழந்தையை எந்தச் சுவரொட்டி மருத்துவமனைக்கு அழைத்து வரும்? மக்கள் தவறாமல் வந்தால்தான் உயிர் தப்பும் என்றிருக்கும் ஏற்பாடு, வர முடியாதவர்களைச் சாகவிடும் ஏற்பாடு.

தெருநாய் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருக்கிறது என்று இனியும் சொல்லாதீர்கள். 2025 ஆகஸ்டிலும் நவம்பரிலும் வந்த ஆணைகள் நாயைப் பிடித்த இடத்திலேயே விடுவதா, காப்பகத்தில் வைப்பதா என்பதில்தான் மாறின. ஊசி போடாதே என்று எந்த நீதிபதியும் சொல்லவில்லை. நாய் உள்ளாட்சியின் பொறுப்பு, ஊசி கால்நடைத் துறையின் பொறுப்பு, கடிபட்ட மனிதன் சுகாதாரத் துறையின் பொறுப்பு, செத்தால் யார் பொறுப்பு? இந்த மூன்று துறைகளையும் ஒரே மேசையில் உட்காரவைக்கும் அதிகாரம் இந்த மாவட்டத்தில் உங்கள் நாற்காலிக்கு இருக்கிறது. கோழிக்கு விலை இருக்கிறது, மாட்டுக்குப் பால் இருக்கிறது, அதனால் அவற்றுக்கு ஊசி தேடி வருகிறது. தெருநாய்க்கு விலை இல்லை. அது கடிக்கும் கூலிக்காரனுக்கும் விலை இல்லை என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

ரேபிஸ் சாவே இல்லாத நிலையை 2030-க்குள் எட்டுவோம் என்று 2021-ல் இந்த நாடு உறுதி ஏற்றது. கோமாரி முகாமுக்குத் தேதி குறிப்பதைப் போல நாய்களுக்கும் ஒரு தேதி குறியுங்கள். ஒவ்வொரு ஊராட்சியிலும் எத்தனை நாய்கள், எத்தனைக்கு ஊசி போட்டாயிற்று என்று அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடுங்கள். உங்களிடம் ஆள் இருக்கிறது, மருந்து இருக்கிறது, அனுபவம் இருக்கிறது. இதற்குப் பிறகும் இந்த மாவட்டத்தில் ஒருவர் ரேபிஸால் செத்தால் அதை நாயின் மேல் போட முடியாது.

இப்படிக்கு,
இந்த மாவட்டத்துக் குடிமகன் ஒருவன்