மூன்று சென்ட்டும் ஒரு மாடி போர்ஷனும்

2024 ஜூலையில் தமிழ்நாடு அரசு கட்டட அனுமதிக்குச் சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட இணையத்திலேயே உடனடி அனுமதி. தரைத்தளத்துக்கு மேல் ஒரு தளமும் எழுப்பலாம். சிறு மனைக்காரர்களுக்கு இது நல்ல திட்டம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அரசு மனதில் வைத்திருக்கும் சிறு மனைக்காரர் யார்?

திருவண்ணாமலையை ஒட்டிய எங்கள் காலனி மனை மூன்று சென்ட். அதாவது 1,306 சதுர அடி. வரம்பில் ஏறக்குறையப் பாதி. 1978ஆம் ஆண்டின் 31ஆவது சட்டப்படி நிலம் எடுத்து ஆதிதிராவிடர் நலத்துறை கொடுத்தது. பட்டா அம்மா பெயரில். அம்மா இப்போது இல்லை, வாரிசுகள் மூன்று பேர். ஆளுக்கு 435 சதுர அடி. உட்பிரிவு ஆகாததால் என் பெயரில் மட்டும் வரைபடம் போட முடியாது. உட்பிரிவு செய்தாலோ, பின்பக்கம் இருக்கும் என் பங்குக்குப் பாதை கிடையாது. பக்கவாட்டில் காலியிடம் விட்டது போக மிஞ்சுவது ஓர் அறையும் மாடிப்படியும்தான். அனுமதி வரைபடம் இல்லையென்றால் வங்கிக் கடனும் இல்லை. காலனியில் வீட்டுக்கு வீடு இதே கதை.

ஒரு மாடி போர்ஷனுக்கு இவ்வளவு பேச்சா என்று கேட்கலாம். கிரிவலமும் ஆசிரமங்களும் இருக்கும் இந்த ஊரில், மாடி வாடகையை வைத்தே பிள்ளைகளைப் படிக்கவைத்த குடும்பங்கள் தெருவுக்குத் தெரு உண்டு. அந்த மாடிகளில் குடியேற நாம் போனால் முதல் கேள்வி, "நீங்க சைவமா?" அடுத்தது, "ஊருல எந்தத் தெரு?" எந்தப் பகுதியிலும் குடியிருக்கும் உரிமையைத் தீண்டாமையின் பேரால் மறுப்பது 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் 4ஆம் பிரிவின்படி குற்றம். "வேற ஆளுக்குச் சொல்லிட்டோம்பா" என்ற பதிலை எந்தக் காவல் நிலையத்தில் புகாராக எழுதுவது? வாடகைக்கு எடுக்கவும் முடியாது, விடவும் முடியாது.

அளவை வைத்து ஆளை விலக்குவது உலகம் அறிந்த வித்தைதான். அமெரிக்காவின் லூயிவில் நகரில் கறுப்பின மக்கள் எந்தத் தெருவில் குடியேறலாம் என்று வரையறுத்த சட்டத்தை 1917இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதற்குப் பிறகு பல ஊர்களில் குறைந்தபட்ச மனை அளவு, ஒரு மனைக்கு ஒரே வீடு என்ற விதிகள் அந்த வேலையைச் செய்தன. நிறம் என்ற சொல்லே அவற்றில் இருக்காது. நம் கட்டட விதிகளிலும் சாதி என்ற சொல் கிடையாது. தேவையும் இல்லை, மூன்று சென்ட் என்று அளந்து கொடுத்தபோதே அந்த வேலை முடிந்துவிட்டது.

பழைய கோயில் தெருக்களில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அப்படிப்பட்ட இடங்களுக்கென்றே விதியில் 'தொடர் கட்டடப் பகுதி' என்ற வகை உண்டு. அங்கே பக்கவாட்டுக் காலியிடம் கட்டாயமில்லை. காலனிகளையும் அந்த வகையில் அறிவிக்கச் சொல்லிக் கேட்போம். வாரிசுகளுக்கு உட்பிரிவுப் பட்டாவைக் காலனியிலேயே முகாம் போட்டுக் கொடுக்கட்டும். பின்மனைக்கான பாதையைப் பொதுப்பாதையாகப் பதியட்டும். 2024இல்தான் திருவண்ணாமலை மாநகராட்சி ஆனது. வரி ஏறும், வாடகை ஏறும், நிலத்தின் விலையும் ஏறும். அது எங்கள் மனைகளைத் தின்பதற்குள் இதைச் செய்தாக வேண்டும்.