முப்பது என்றால் எவ்வளவு நேரம்?

‘காலை 9.00 மணிக்கு மேல் 10.30 மணிக்குள்’ என்கின்றன நம் திருமண அழைப்பிதழ்கள். ஒரு கால இடைவெளியை இதைவிடச் செம்மையாக எழுதிவிட முடியாது என்பது எம் எண்ணம். தொடக்கம் இருக்கிறது, முடிவு இருக்கிறது, மணி என்னும் அலகு இருக்கிறது. ‘மேல்’, ‘உள்’ என்ற இரு சொற்கள் எல்லையைக் காக்கின்றன. திங்கட்கிழமை இராகு காலம் 7.30 முதல் 9.00 வரை என்னும்போது, சரியாக 9 மணி எந்தப் பக்கம் சேரும் என்பது பஞ்சாங்கம் பார்ப்பவர்க்கு விளையாட்டன்று. எண்வரிசையைக் குறிக்கையில் தொடக்கத்தைச் சேர்த்து முடிவை விலக்குவதே நன்று என்று கணிப்பொறி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1982-இல் ஒரு குறிப்பு எழுதினார். காலத்திற்கும் அது பொருந்தும்: அடுத்தடுத்த இரு இடைவெளிகள் ஒன்றையொன்று மிதிக்கவும் செய்யா, நடுவே சந்து விடவும் செய்யா.

இலக்கியப் பக்கத்தில் இந்தக் கதை எதற்கு என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. சொல் குறைந்தால் பொருள் கெடும் என்பதை நாம் அறிவோம். இங்கே கெடுவது கைப்பொருள். தாம்பரம் மெப்ஸ் வளாகம் முதல் சிறுசேரி வரை மென்பொருள் எழுதிப் பிழைக்கும் இந்தத் தென்புறநகரில் பேசாமல் வேறெங்கே இதைப் பேசுவது?

மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் ஒருவர் பூ வாங்கிக் கைபேசியில் 60 ரூபாய் செலுத்துகிறார் என்று கொள்வோம். அந்த ஒரு செயல் கைபேசிச் செயலியிலும், அவருடைய வங்கியிலும், நடுவே தேசியக் கொடுப்பனவுக் கழகத்தின் கணினிகளிலும், பூக்காரம்மாவின் வங்கியிலும் நடக்கிறது. அடுத்தவர் மறுமொழிக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று ஒவ்வோரிடத்திலும் ஓர் எண் எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் வெறும் எண். மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் பூட்டு விடுபடக் காத்திருக்கும் நேரத்தை 30 என்று எழுதினால் 30 நொடி. போஸ்ட்கிரஸில் அலகில்லாமல் 30 என்று எழுதினால் 30 மில்லிநொடி. கோ மொழியின் கால வகையில் அதுவே 30 நானோநொடி. நெல்லுக்குப் போய் ‘முப்பது கொடுங்கள்’ என்றால், மரக்காலா, படியா, ஆழாக்கா என்று கடைக்காரர் திருப்பிக் கேட்பார். கணினி கேட்பதில்லை.

அலகு சரியானாலும் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. 2025 ஜூன் 16 முதல், யூபிஐயில் பணம் செலுத்தும் கோரிக்கைக்கு மறுமொழி தரவேண்டிய நேரம் 30 நொடியிலிருந்து 15 நொடியாகவும், பரிமாற்றத்தின் நிலையை அறிவதற்கான நேரம் 30-லிருந்து 10 நொடியாகவும் குறைக்கப்பட்டன. விரைவு நல்லதே. ஆனால் இந்த இடைவெளிகள் அடுக்குச் சம்புடம்போல ஒன்றனுள் ஒன்று அடங்கவேண்டும். உள்ளே வேலை முடியுமுன் வெளியே காத்திருப்பவர் பொறுமையிழந்தால், கைபேசி ‘தோல்வி’ என்று சொன்ன பிறகும் பணம் போய்ச் சேரும். பூ வாங்கியவர் அதற்குள் சில்லறை எண்ணிக் கொடுத்துப் போயிருப்பார். இரண்டாம் முறை வந்த 60 ரூபாயை யாரிடம் திருப்பித் தருவது என்பது பூக்காரம்மாவின் தலைவலி. இத்தனைக்கும் வழி தெரியாததன்று. ஜிஆர்பிசி என்னும் தொடர்பு முறையில், கெடு விதிக்கப்பட்ட கோரிக்கை தனக்கு மிஞ்சியிருக்கும் நேரத்தை அலகெழுத்தோடு சுமந்து செல்கிறது. அடுத்தவர் அந்த மிச்சத்திற்குள் தம் வேலையை அடக்கிக்கொள்ளலாம்.

இன்னும் ஒரு படி மேலே போனது கூகுளின் ஸ்பேனர் தரவுத்தளம். 2012-இல் வெளியான அதன் ஆய்வுரையின்படி, அங்கே கடிகாரத்திடம் ‘இப்போது மணி என்ன’ என்று கேட்டால் ஒற்றை எண் வருவதில்லை. ‘இதற்கு முன்னில்லை, இதற்குப் பின்னில்லை’ என்று இரு முனைகள் வருகின்றன. செயற்கைக்கோளும் அணுக்கடிகாரமும் துணையிருந்தும் சில மில்லிநொடி ஐயத்தை அது ஒப்புக்கொள்கிறது. அந்த ஐயம் கடக்கும்வரை காத்திருந்தே ஒரு மாற்றத்தை முடிந்ததென அறிவிக்கிறது.

மில்லிநொடி ஐயத்தால் பூ வாங்குபவருக்கு என்ன வந்தது என்பார்கள். நாள் மாறும் எல்லையில் அது ஒரு முழு நாளாகிவிடும். ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி, ஒருவர் கணக்கில் கழிந்து மற்றவர் கணக்கில் சேராத யூபிஐ பணம் ‘டி+1’ நாளுக்குள் தானாகத் திரும்பவேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. (வணிகருக்குச் செலுத்தியதானால் டி+5, இங்கே பூக்காரம்மாவின் சொந்தக் கணக்கு என்றே கொள்வோம்.) ‘டி’ என்பது நாட்காட்டி நாள். ஆகவே திங்கள் இரவு 11.58-க்குச் சிக்கிய பணத்திற்குச் செவ்வாய் முடியும்வரை கெடு, ஏறத்தாழ 24 மணி நேரம். நான்கே நிமிடம் கழித்துச் சிக்கினால் புதன் முடியும்வரை, ஏறத்தாழ 48 மணி நேரம். நள்ளிரவை ஒட்டிய அந்தக் கணத்தில் நான்கு கடிகாரங்களில் எதன் ‘டி’ செல்லும்?

இதைப் பணம் கொடுத்தவர் ஊகித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. எந்த நாளை ‘டி’யாகக் கொண்டது என்பது வங்கியின் பதிவேட்டில் இருக்கும். ‘செயலாக்கத்தில் உள்ளது’ என்று பொத்தாம்பொதுவாகக் காட்டும் இடத்தில் ‘செவ்வாய்க்கிழமைக்குள் திரும்பும், தவறினால் புதன் முதல் நாளுக்கு 100 ரூபாய்’ என்று, தேதியும் சேர்த்து, தமிழில் காட்டட்டும்.