மருந்து இருந்தால் மட்டும் போதுமா?

மூட்டை தூக்குகிறவருக்கும், நாள் முழுவதும் குனிந்து கணக்கு எழுதுகிறவருக்கும் இடுப்பு வலி புதிதல்ல. கடையில் ஒரு மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு மறுநாள் வேலைக்குப் போய்விடுகிறார்கள். பெரும்பாலோருக்கு அது வெறும் வலிதான். ஆனால், மாதக்கணக்கில் நீங்காத எலும்பு வலியுடன் சோகையும் களைப்பும் சேர்ந்தால் அது 'மல்ட்டிபிள் மைலோமா' என்னும் எலும்பு மஜ்ஜைப் புற்றுநோயாகவும் இருக்கலாம். இந்நோய் எலும்பை அரிக்கிறது, சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. வலிக்கென்று விழுங்கும் மாத்திரைகள் பலவும் அதே சிறுநீரகத்தை மேலும் கெடுக்கக் கூடியவை என்பது கவலைக்குரியது.

நோயை அடியோடு நீக்குவது இன்றும் அரிது. எனினும் பல ஆண்டுகள் அடக்கி வைக்க முடிகிறது. அமெரிக்காவில் 2003இல் போர்ட்டிசோமிப் ஊசியும், 2006இல் இந்நோய்க்கு லெனலிடோமைட் மாத்திரையும் அனுமதி பெற்றன. இவற்றை டெக்ஸாமெத்தசோனுடன் சேர்த்துக் கொடுப்பதும், உடல் தாங்குமானால் நோயாளியின் சொந்த அணுக்களைக் கொண்டே மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை செய்வதும் இன்றைய முறை. நாட்டின் முதல் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை 1983இல் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் நடைபெற்றது. இந்தியக் கம்பெனிகளே தயாரிப்பதால் மருந்துகளின் விலையும் வெகுவாக இறங்கியிருக்கிறது.

ஆனால், ஏட்டில் உள்ள சிகிச்சை வேறு, நடைமுறை வேறு. புதிய மருந்துகளைச் சோதிக்கும்போது, சிறுநீரகம் மிகவும் கெட்டவர்களைப் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களிலோ அத்தகையோர் பலர். ஊசிக்கு வாரம் ஒரு முறையோ இரு முறையோ, மாதக்கணக்கில் வர வேண்டும். தினக்கூலிக்காரருக்கு ஒவ்வோர் ஊசிக்கும் ஒரு நாள் கூலி போகிறது. உடன் வருகிறவருக்கும் அப்படியே. வலி சற்றுக் குறைந்ததும், "மீதியை ஊரில் பார்த்துக்கொள்ளலாம்" என்று ரயிலேறி விடுகிறார்கள். அங்கே எத்தனை ஊசி போட்டாயிற்று என்று சொல்லக் கையில் சீட்டு இல்லை. விட்ட இடத்தில் நோய் மீண்டும் தலைதூக்குகிறது. இந்திய நோயாளிகள் பலருக்கு 55 வயதையொட்டியே இந்நோய் கண்டறியப்படுகிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். குடும்பம் அவர் சம்பாத்தியத்தை நம்பியிருக்கும் வயது அது.

சலுகைகள் இல்லாமல் இல்லை. சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளிக்கு, ஆஸ்பத்திரிச் சான்றிதழின் பேரில், ரயிலில் படுக்கை வசதிப் பெட்டியில் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. துணைக்குச் செல்பவருக்கு முக்கால் பங்கு தள்ளுபடி. 2018இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் தகுதி பெற்ற குடும்பம், வெளிமாநிலத்தில் அத்திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியிலும் சிகிச்சை பெறலாம். பிழைக்க வந்தவர்களில் பலருக்கு இவை தெரிவதில்லை. தமிழ்ச் சங்கங்கள் விழாக்களோடு நின்றுவிடாமல் இதையும் எடுத்துச் சொல்லலாம்.

அரசு செய்ய வேண்டியவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. நீடித்த எலும்பு வலியுடன் தொழிலாளர் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கு ரத்தத்தில் சோகை, கால்சியம், கிரியேட்டினின், புரதம் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். பெரிய ஆஸ்பத்திரியில் தொடங்கிய ஊசியை வீட்டுக்கு அருகிலேயே தொடர வழி செய்ய வேண்டும். எந்த ஊருக்குப் போனாலும் செல்லும்படியான சிகிச்சைக் குறிப்பேடு ஒன்றை ஒவ்வொரு நோயாளியின் கையிலும் கொடுக்க வேண்டும். பாதியில் நின்றுபோகும் சிகிச்சையால், வாங்கிய மருந்தும் வீண். பட்ட கடனும் வீண். சுகாதார இலாகா இதை உணர்ந்து விரைந்து செயல்படுமா?