பனி வேண்டும் என்றால் வந்துவிடுமா?



நவம்பர் மாதம் விடாமல் மழை கொட்டும்போது, 'நாளைக்கு லீவு விடுவாங்களா?' என்று டிவி முன்னால் காத்துக் கிடப்பீர்கள் அல்லவா? அதே போல் வானத்தையே பார்த்துக் காத்திருக்கும் ஒரு கூட்டம் பிரிட்டனிலும் இருக்கிறது. அவர்கள் காத்திருப்பது மழைக்காக அல்ல, பனிக்காக!

பனி என்றதும் மார்கழிக் காலையில் புல் நுனியில் நிற்குமே, அந்தப் பனித்துளியை நினைத்துவிடாதீர்கள். இது, பஞ்சைப் பிய்த்துப் போட்டது போல வானத்திலிருந்து விழுகிற பனி. முழங்கால் அளவு கொட்டினால் பள்ளிக்கூடம் கிடையாது; பேருந்து கிடையாது; தெருவெல்லாம் பனிப்பந்து விளையாட்டு தான்!

அந்த நாட்டில் வானிலை ஆர்வலர்கள் என்றே ஒரு பெரிய கூட்டம் உண்டு. வானிலையைப் பார்ப்பது அவர்களுக்குச் சம்பள வேலை இல்லை, பொழுதுபோக்கு. இலையுதிர் காலம் தொடங்கியதுமே இவர்கள் பேச்சும் தொடங்கிவிடும். 'ஹாலி மரத்தில் இந்த வருஷம் பழம் அதிகம், குளிர் கடுமையாக இருக்கும்' என்பார் ஒருவர். 'பறவைகள் சீக்கிரமே வந்துவிட்டன, பனி நிச்சயம்' என்பார் இன்னொருவர். கிறிஸ்துமஸ் அன்று பனி விழுமா என்று பந்தயக் கடைகளில் பணம் கட்டுவோரும் உண்டு.

இதில் எது சரி, எது தவறு? என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பனிக்கு ஆசைப்படுவதில் தப்பே இல்லை. ஆனால், 'எனக்கு வேண்டும்' என்பதை 'கண்டிப்பாக வரும்' என்று மாற்றிச் சொல்வது தப்பு. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கோட்டை நாம் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஏன் இத்தனை ஆசை?

பிரிட்டன் குளிர்நாடு தானே, அங்கே வருஷா வருஷம் பனி கொட்டாதா என்று கேட்பீர்கள். அது தான் இல்லை! அந்தத் தீவைச் சுற்றிக் கடல். மேற்கே அட்லான்டிக் பெருங்கடலில் இருந்து ஈரமான, அவ்வளவாகக் குளிராத காற்று வீசிக்கொண்டே இருக்கும். அதனால் குளிர்காலத்தில் அங்கே பெரும்பாலும் மழை தான். கிழக்கிலிருந்தோ வடக்கிலிருந்தோ காற்று திரும்பி வீசினால் தான் பனிக்கு வழி.

கிறிஸ்துமஸ் அட்டைகளில் எல்லாம் பனி மூடிய வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். இதற்கு ஒரு காரணம், சார்லஸ் டிக்கன்ஸ் என்ற எழுத்தாளர். அவர் பிறந்தது 1812-ல். அவருடைய சிறுவயதில் இங்கிலாந்தில் குளிர் மிகவும் கடுமை. 1814-ல் லண்டனில் தேம்ஸ் நதியே உறைந்து, அதன்மேல் கடை போட்டுத் திருவிழா நடத்தினார்கள் என்றால் பாருங்களேன்! அந்த நினைவோடு வளர்ந்தவர் 1843-ல் எழுதிய 'எ கிறிஸ்துமஸ் கரோல்' என்ற கதையைப் படித்தவர்கள், கிறிஸ்துமஸ் என்றால் பனி என்றே எண்ணத் தொடங்கினார்கள்.

உண்மை என்ன தெரியுமா? டிசம்பர் 25-ந் தேதி ஏதாவது ஓர் இடத்தில் ஒரே ஒரு பனித்துகள் விழுந்தால் போதும், பிரிட்டன் வானிலைத் துறை அதை 'வெள்ளை கிறிஸ்துமஸ்' என்று கணக்கில் எழுதிக்கொள்ளும். ஆனால், அட்டையில் இருப்பது போல நாட்டின் பல பகுதிகளிலும் தரையில் பனி படிந்து கிடந்த கிறிஸ்துமஸ், 1960-ம் ஆண்டிலிருந்து பார்த்தால் நான்கே நான்கு தான்: 1981, 1995, 2009, 2010.

அரிதாகக் கிடைக்கும் பண்டத்துக்குத் தானே ருசி அதிகம்? அதிலும் 1962-63 குளிர்காலக் கதையைத் தாத்தா பாட்டி சொல்லக் கேட்ட பிள்ளைகளுக்கு ஆசை வராமல் இருக்குமா? கிறிஸ்துமசுக்கு மறுநாள் தொடங்கிய பனி, பல ஊர்களில் மார்ச் தொடக்கம் வரை தரையை விட்டுப் போகவில்லை. 1963 ஜனவரியில் மத்திய இங்கிலாந்தின் சராசரி வெப்பநிலை மைனஸ் 2.1 டிகிரி செல்சியஸ். சில இடங்களில் கடலோரத்தில் கடல் நீரே உறைந்தது!

பழமும் பிராணியும் சொல்வது

இப்போது ஹாலி பழத்துக்கு வருவோம். ஒரு மரத்தில் பழம் அதிகம் என்றால், அந்த வசந்த காலத்தில் பூ நன்றாகப் பூத்தது, தேனீக்கள் வந்தன, தேவையான மழை பெய்தது என்று அர்த்தம். அதாவது, பழம் நமக்குச் சொல்வது நடந்து முடிந்த கதையை. இனி நடக்கப்போவது பாவம், அந்த மரத்துக்கு எப்படித் தெரியும்?

அமெரிக்காவில் இன்னும் வேடிக்கை. பங்ஸ்சுடானி என்ற ஊரில் அணில் இனத்தைச் சேர்ந்த கிரவுண்ட்ஹாக் என்ற பிராணியை ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 2-ந் தேதி வெளியே கொண்டுவருவார்கள். அது தன் நிழலைப் பார்த்தால் குளிர் இன்னும் ஆறு வாரம் நீடிக்குமாம்! 1887-ல் இருந்து இது நடக்கிறது. சமீப ஆண்டுகளின் முடிவுகளை அமெரிக்க வானிலைத் துறையினர் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பாதித் தடவைகூட அது சரியாகச் சொல்லவில்லை. காசைச் சுண்டிப் பூவா தலையா பார்த்திருந்தாலே மேல்!

திருவிழாவாகக் கொண்டாடும் வரை இதில் கெடுதல் இல்லை. அதை நம்பி வீட்டுக்கு விறகு வாங்குவதில் தான் கெடுதல்.

விஞ்ஞானம் தெரிந்தாலும் வழுக்கும்

'படிக்காதவர்கள் தான் இப்படி ஏமாறுவார்கள்' என்று நினைக்காதீர்கள். விஞ்ஞானம் தெரிந்தவர்களையும் ஆசை வழுக்கி விழ வைக்கும்.

வட துருவத்துக்கு மேலே, ஸ்ட்ரேட்டோஸ்பியர் என்ற உயரமான காற்று அடுக்கில், குளிர்காலத்தில் ஒரு பெரிய காற்றுச் சுழல் பம்பரம் போலச் சுற்றிக்கொண்டிருக்கும். அது வேகமாகச் சுற்றும் வரை கடும் குளிர்காற்று பெரும்பாலும் துருவத்தோடு நிற்கும். சில ஆண்டுகளில் அந்த உயரத்தில் ஒரு சில நாட்களிலேயே வெப்பநிலை 50 டிகிரி வரைகூட ஏறிவிடும். பம்பரம் தள்ளாடும், சில சமயம் இரண்டாகப் பிளந்தும்விடும். ரிச்சர்ட் ஷெர்ஹாக் என்ற ஜெர்மன் விஞ்ஞானி 1952-ல் இதைக் கண்டுபிடித்தார். இப்படி நடந்த இரண்டு, மூன்று வாரங்களில் ஐரோப்பாவுக்குக் கடும் குளிர் வர வாய்ப்பு கூடுகிறது.

2018 பிப்ரவரியில் இப்படித் தான் நடந்தது. சைபீரியக் காற்று பிரிட்டனுக்குள் புகுந்தது. பனி கொட்டித் தீர்த்தது. சாலைகள் அடைபட்டன, பள்ளிகள் மூடப்பட்டன. 'கிழக்கிலிருந்து வந்த மிருகம்' என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள்.

அடுத்த குளிர்காலம், 2019 ஜனவரி முதல் வாரம். மறுபடியும் அதே போலச் சுழல் உடைந்தது! பனி ஆர்வலர்களுக்கு ஒரே கொண்டாட்டம். 'இதோ வருகிறது மிருகம்' என்று எதிர்பார்த்தார்கள். கொஞ்சம் பனி விழத் தான் செய்தது. ஆனால், அந்த மிருகம் வரவே இல்லை. 2019 பிப்ரவரி 26-ந் தேதி லண்டன் கியூ தோட்டத்தில் பதிவான வெப்பநிலை எவ்வளவு தெரியுமா? 21.2 டிகிரி! அந்த ஆண்டுக்கு முன் பிரிட்டனின் குளிர்காலத்தில் வெப்பநிலை 20 டிகிரியைத் தாண்டியதே இல்லை. பனிப்பந்து செய்யக் காத்திருந்தவர்கள் ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள்.

அறிகுறி ஒன்று தான். விளைவு இரண்டு விதம். 'வாய்ப்பு அதிகம்' என்பது 'கண்டிப்பாக' ஆகாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டுமா?

ஏன் இப்படி ஆகிறது? எட்வர்ட் லாரன்ஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1961-ல் கம்ப்யூட்டரில் வானிலைக் கணக்கு ஒன்றைப் போட்டார். அதை மறுபடி போடும்போது 0.506127 என்ற எண்ணுக்குப் பதிலாக 0.506 என்று சுருக்கிக் கொடுத்தார். துளியூண்டு வித்தியாசம் தானே? ஆனால், கொஞ்ச தூரம் போனதும் விடை முற்றிலும் வேறாகிவிட்டது! வானிலை அப்படிப்பட்டது. அதனால் தான் இன்று ஐரோப்பிய வானிலை மையம், தொடக்க எண்களைச் சிறிது சிறிதாக மாற்றி 51 தடவை கணக்குப் போட்டுப் பார்க்கிறது. அதில் 40 விடை 'பனி' என்றால் வாய்ப்பு அதிகம். 5 விடை என்றால் குறைவு. பனி ஆசை பிடித்தவர் என்ன செய்வார் தெரியுமா? அந்த ஐந்தை மட்டும் எடுத்து எல்லாருக்கும் காட்டுவார்!

பெரிய நிபுணர்களுக்கும் இது சுலபமில்லை. 2009-10 குளிர்காலம் மிதமாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று பிரிட்டன் வானிலைத் துறை சொன்னது. வந்ததோ 30 ஆண்டுகளில் இல்லாத கடுங்குளிர். 2010 மார்ச்சில், இப்படி ஒரு பருவம் முழுவதற்குமான அறிவிப்பைப் பொதுமக்களுக்கு வெளியிடுவதையே நிறுத்துவதாக அந்தத் துறை அறிவித்தது.

கெஸ் மன்னர்கள்

பள்ளியில் நான் பாடம் நடத்திய காலத்தில் பரீட்சைக்கு முதல் நாள் 'கெஸ்' சொல்லும் மாணவர்கள் எல்லா வகுப்பிலும் இருப்பார்கள். 'இந்தப் பத்து கேள்வி தான் சார் வரும்' என்பார்கள். அதில் மூன்று வந்துவிட்டால் போதும், 'நான் சொன்னேன்ல!' என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார்கள். வராத ஏழைப் பற்றிப் பேச்சே இருக்காது. அந்த ஏழை நம்பி, மற்றதைப் படிக்காமல் வந்த மாணவனின் நிலைமையை நினைத்துப் பாருங்கள்.

'இந்தக் குளிர்காலம் நூறு ஆண்டில் இல்லாத அளவு இருக்கும்' என்று வருஷா வருஷம் சொல்பவர் ஒரு வருஷம் ஜெயித்துத் தான் தீருவார். அது திறமை அல்ல, குழந்தைகளே! நின்றுபோன கடிகாரம்கூடத் தினமும் இரண்டு தடவை சரியான நேரம் காட்டும்.

இன்னொன்றையும் நாம் மறக்கக் கூடாது. ஒருவருக்குக் கொண்டாட்டம், இன்னொருவருக்குத் திண்டாட்டம். 1947-ல் ஜனவரி 22 முதல் மார்ச் 17 வரை பிரிட்டனில் எங்காவது ஓர் இடத்தில் தினமும் பனி விழுந்தது. நிலக்கரி வண்டிகள் நகர முடியவில்லை. மின்சாரம் தடைபட்டது, தொழிற்சாலைகள் மூடப்பட்டன, ஆடுகள் கூட்டம் கூட்டமாக இறந்தன. பனி உருகியபோது வெள்ளம் வேறு! இன்றும் கணப்பு மூட்டக் காசில்லாத முதியவர் ஒருவர், 'கடுங்குளிர் வருகிறது' என்ற செய்தியைப் படித்தால் எப்படிப் பயப்படுவார்? பொய்யாகப் பயமுறுத்திக்கொண்டே இருந்தால், நிஜமாகவே குளிர் வரும்போது அவர் நம்பவும் மாட்டார். புலி வருது கதை தான்!

பூமியும் சூடாகிக்கொண்டே வருகிறது. 1884-ல் இருந்து உள்ள பதிவுகளில் பிரிட்டனின் மிக வெப்பமான 10 ஆண்டுகளும் 2000-க்குப் பிறகு வந்தவையே. பனி இனி வரவே வராது என்று சொல்ல முடியாது. ஆனால், அங்குள்ள பிள்ளைகளின் காத்திருப்பு நீண்டுகொண்டே போகும் என்பது வருத்தமான உண்மை.

ஆசையை என்ன செய்யலாம்?

அப்படியானால் வானிலை ஆர்வலர்கள் வேண்டாதவர்களா? இல்லவே இல்லை! சைமன்ஸ் என்ற ஆங்கிலேயர் 1860-ல் 168 தன்னார்வலர்களைச் சேர்த்து மழையை அளக்கத் தொடங்கினார். 1900-ல் அவர் இறக்கும்போது 3,000-க்கும் மேற்பட்டோர் அளந்துகொண்டிருந்தார்கள். பழைய மழைக் குறிப்புகள் 66,000 தாள்களில் முடங்கிக் கிடந்தன. 2020-ல் கொரோனாவால் எல்லாரும் வீட்டுக்குள் அடைந்திருந்தபோது, சுமார் 16,000 தன்னார்வலர்கள் பதினாறே நாளில் அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். அதனால் பிரிட்டனின் மழைப் பதிவு 1836-ம் ஆண்டு வரை பின்னோக்கி நீண்டது. இவர்களும் ஆர்வலர்கள் தான். ஆசையை வாயால் காட்டாமல் கையால் காட்டியவர்கள்.

பிரிட்டன் வானிலைத் துறையைத் தொடங்கி வைத்த ராபர்ட் ஃபிட்ஸ்ராய், 1861-ல் முதன்முதலாகச் செய்தித்தாளில் வானிலை அறிவிப்பு வெளியிட்டார். இது ஜோசியம் அல்ல, கணக்குப் பார்த்துச் சொல்லும் ஒரு கருத்து மட்டுமே என்று அவர் அப்போதே விளக்கினார். 160 வருஷம் தாண்டியும் பலருக்கு அது புரியவில்லை.

உங்களுக்கு நான் சொல்வது இது தான். ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். நாளைய வானிலை பற்றி நீங்கள் நினைப்பதை இன்றே தேதி போட்டு எழுதுங்கள். 'மழை வரும்' என்று மட்டும் எழுதாமல், பத்துக்கு எத்தனை வாய்ப்பு என்றும் எழுதுங்கள். மறுநாள் நடந்ததைப் பக்கத்திலேயே எழுதுங்கள். தப்பாகப் போனதை அழிக்கவே கூடாது! ஒரு மாதம் கழித்துப் படித்துப் பார்த்தால், எங்கே உங்கள் அறிவு பேசியது, எங்கே உங்கள் ஆசை பேசியது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

வானிலைக்கு மட்டுமல்ல, கிரிக்கெட்டில் நம் அணி ஜெயிக்குமா, பரீட்சையில் எத்தனை மார்க் வரும் என்பதற்கெல்லாம் இந்தப் பழக்கம் உதவும். ஆசைப்படுங்கள், அளந்தும் பாருங்கள்!

என்ன செல்லங்களே, இன்றைக்கே நோட்டைத் திறப்பீர்கள் தானே?