ஜெய்பால் சிங் முண்டாவும் 'ஜங்லி' என்ற சொல்லும்

1946 டிசம்பர் 19 அன்று, நேரு முன்மொழிந்த குறிக்கோள் தீர்மானத்தின் மீது அரசியல் நிர்ணய சபையில் பேச எழுந்த ஜெய்பால் சிங் முண்டா, தம்மை ஒரு 'ஜங்லி' என்று சொல்லிக்கொண்டார். தமிழில் 'காட்டான்' என்பது ஏறக்குறைய அதற்கு நிகர், இரண்டுமே வசைச்சொற்கள். தம் மக்கள் அந்தப் பெயராலேயே அறியப்படுகிறார்கள் என்றும், அதில் தமக்குப் பெருமையே என்றும் கூறினார். பழங்குடிகளுக்கு ஜனநாயகம் கற்பிக்க வேண்டியதில்லை, அவர்களிடமிருந்துதான் கற்க வேண்டும் என்பது அவ்வுரையின் சாரம்.

இதைச் சொன்னவர் காட்டை விட்டு வெளியேறாதவர் அல்லர். 1903இல் குந்தி வட்டாரத்து முண்டா குடும்பமொன்றில் பிறந்து, மிஷன் பள்ளியில் பயின்று, ஆக்ஸ்ஃபோர்டு சென்றவர். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கி அணியின் தலைவர். இப்படிப்பட்டவர் எப்படிப் பழங்குடிகளின் குரலாக முடியும் என்று கேட்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து படித்து மேலே வரும் ஒவ்வொருவர் மீதும் எறியப்படும் கேள்விதான் இது. படிக்காவிட்டால் தகுதி இல்லை. படித்துவிட்டால் அடையாளம் இல்லை.

ஒரு சொல்லின் பொருள் அகராதியோடு முடிவதில்லை. யார் வாயிலிருந்து வருகிறது என்பதிலும் இருக்கிறது. அதே 'ஜங்லி'யை அந்த அவையின் வேறொரு ஆக்ஸ்ஃபோர்டு பட்டதாரி சொல்லியிருந்தால் அது ஏளனமாகவோ இரக்கமாகவோதான் ஒலித்திருக்கும். ஆங்கிலம் அறியாத முண்டா விவசாயி ஒருவர் முழு உரிமையோடு அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த அவைக்குள் அவர் நுழைந்திருக்கவே முடியாது. பிறப்பும் பயணமும் ஒருவரிடமே சேர்ந்திருந்ததால்தான் அன்று அச்சொல்லுக்கு அவ்வளவு விசை கிடைத்தது.

அவருடைய தலைமை எதற்கெல்லாம் மல்லுக்கட்டியது என்பதையும் பார்க்க வேண்டும். வரைவு அரசியலமைப்பின் மொழிபெயர்ப்புகளில் 'ஆதிவாசி' என்ற சொல்லுக்குப் பதில் 'வனஜாதி' என்று வந்ததை 1948இல் அவர் கண்டித்தார். ஆதிவாசி என்பது பொதுச்சொல், சட்டத்தில் வரையறுக்கப்பட்ட பொருள் அதற்கில்லை, 'அட்டவணைப் பழங்குடி' என்பதற்கே அது உண்டு என்பது அம்பேத்கரின் பதில். தம் மக்கள் மீது பிறர் சூட்டிய பெயர்களின் காயம் அம்பேத்கருக்கும் தெரியாததன்று. அவர் சட்டத்தின் பக்கம் நின்றார், இவர் பெயரின் பக்கம் நின்றார். ஒரே வகை அனுபவம் ஒரே முடிவைத் தந்துவிடுவதில்லை. 1949இல் மொழிகள் பற்றிய விவாதத்தில் முண்டாரி, கோண்டி, ஒராவோன் ஆகியவற்றை அட்டவணையில் சேர்க்கக் கோரினார். நடக்கவில்லை. 2003ஆம் ஆண்டின் 92ஆவது திருத்தம் சந்தாலியையும் போடோவையும் சேர்த்தது. அவர் கேட்ட மூன்றும் இன்னும் வெளியேதான்.

எந்த மொழிக்கு இடம் கேட்டாரோ அதே மொழியில் மக்கள் அவரை 'மராங் கோம்கே' என்றார்கள்: பெருந்தலைவர். முதல் பொதுத்தேர்தலில் அவருடைய ஜார்கண்ட் கட்சி பீகார் சட்டமன்றத்தின் முதன்மை எதிர்க்கட்சியானது.

ஆனால் பிறப்பால் வந்த நம்பிக்கை பிறப்பைப் போல் நிலையானதன்று. தனி மாநிலக் கோரிக்கையை 1955இல் மாநில மறுசீரமைப்பு ஆணையம் ஏற்கவில்லை. 1963இல் அவர் கட்சியைக் காங்கிரஸோடு இணைத்தார். பேரம் என்றும் துரோகம் என்றும் சொந்த மக்களே பேசினார்கள். வேறு வழியில்லாத நிலை என்று அவருக்காக வாதிடலாம். அவ்வாதத்தில் ஓரளவு நியாயமும் உண்டு. ஆனால் வெளியாள் ஒருவர் இதைச் செய்திருந்தால் மக்கள் 'அரசியல்' என்று கடந்துபோயிருப்பார்கள். தம்மவர் செய்ததால் ஆறவில்லை. அடையாளத்தால் கிடைத்த கூடுதல் நம்பிக்கைக்கு அவர் கொடுத்த விலை அது. இன்று வேட்பாளரின் சாதியை மட்டும் பார்த்து நிறுத்தும் கட்சிகள் இந்த இரண்டாம் பாதியைப் பெரும்பாலும் படிப்பதில்லை.

1970இல் அவர் மறைந்தபோது, ஜார்கண்ட் மாநிலம் பிறக்க இன்னும் 30 ஆண்டுகள் இருந்தன.